கர்த்தரின் புறம்போக்கு

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும், தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அதில் என்ன வசனம் இருக்கிறதோ, அதுதான் அந்த வருஷம் முழுவதும் கடவுள் நமக்குச் சொல்லும் வார்த்தை. எனக்குச் சுகம் தருவதாக வந்திருந்தது. அப்போது எனக்கு ஒரு நோயும் இல்லை. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்த அட்டையில், பூமியும் அதிலுள்ள எல்லாமும் கர்த்தருடையது என்று இருந்தது. அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "வூட்டுக்குப் பட்டா வந்துட்ச்சுடா" என்றாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையில் இருந்தது அவள் வீடு. பெரியப்பா இறந்த பிறகு, தி.நகர் துணிக்கடை ஒன்றில் பெருக்கித் துடைத்து, ஒவ்வொரு சுவராக அவள் எழுப்பிய வீடு. வெள்ளம் வந்து போனதிலிருந்து அந்தத் தெருவையே காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா அந்த வாரமே பெயிண்டரைக் கூப்பிட்டு, வாசல் சுவரில் நீல எழுத்தில் வசனத்தை எழுத வைத்தாள்.

இடிக்கவேண்டிய வீடுகளைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி, இடம் யார் பெயரில் என்று கேட்டபோது சுவரைக் காட்டினாள். அவர் கோபப்படவில்லை. "ரெக்கார்டுல இது புறம்போக்குன்னு இருக்கும்மா" என்று சொல்லி, வசனத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பு பெயிண்டில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போனார். பெரியப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் அவரைத் திட்டப் பெரியம்மா வைத்திருந்த சொல், இந்தப் புறம்போக்கு. "கர்த்தரோட எடத்தப் போயி பொறம்போக்குன்றான் பாரு" என்று அன்று முழுவதும் பொருமிக்கொண்டிருந்தாள். வசனம் வேறு, பட்டா வேறு என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப வேதத்துல கீறது பொய்யா?" என்று கேட்டாள். பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெய் என்றால் அதை எந்த ஆபீசில் காட்டுவது என்றும் தெரியவில்லை.

புல்டோசர் தெருமுனைக்கு வந்த காலையில் அவள் வாசலை விட்டு நகரவில்லை. நான்தான் ஓடிப்போய்ச் சபையின் பாஸ்டரை அழைத்துவந்தேன். நல்ல மனிதர்; பேசும்போதே குரல் உடைந்தது. "எல்லாம் கர்த்தருடையதுதானே சிஸ்டர், நம்மளதுன்னு எதுவும் இல்லியே. குடுத்துடுங்க" என்றார். அட்டையில் வந்த அதே வசனம்தான். பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "அவருதுன்னா அவரு வந்து கேக்கட்டும் பாஸ்டர், குடுத்துட்றேன். இவங்கோ யாரு?" பெண் போலீசார் இருவர் அவள் கையைப் பிடித்து எழுப்பினார்கள். வாசல் சுவர்தான் முதலில் விழுந்தது.

இப்போது ஊருக்கு வெளியே அரசாங்க அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் இருக்கிறாள். அவ்வளவு தூரம் போய்வர முடியாமல் துணிக்கடை வேலை போய்விட்டது. லிஃப்ட் ஓடினால்தான் கீழே இறங்குகிறாள். ஜெபத்தை மட்டும் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது, ஆறுதலாக எதையாவது சொல்லவேண்டுமே என்று, "இதுவும் அவரு குடுத்ததுதான பெரிம்மா" என்றேன். சொன்ன எனக்கே கேவலமாக இருந்தது.

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

"பூமி அவருதுதான்டா, நான் இல்லன்னு சொல்லல. அது தோ, கீழ கீது. நான்தான் அதுல இல்ல."