கீபோர்டு செத்த சாயங்காலம்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. நான் கம்ப்யூட்டர் படித்தவள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிறவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் என் தங்கையின் சாவை விற்றுப் பிழைத்த மாதிரி ஆகிவிடும்.

அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வயது. காய்ச்சல். ஆஸ்பத்திரியில் "டோக்கன் வரட்டும், உட்காருங்க" என்றார்கள். டோக்கன் வந்தது. அதற்குள் அவள் போய்விட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

அவள் விட்டுப்போனது ஒன்றே ஒன்று. எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டுச் செய்தி வாசித்துப் பதிவு செய்வாள். "வணக்கம். அக்கா இன்றும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார். காரணம் வழக்கம்போல் அறிவிக்கப்படவில்லை." அந்த ஹெட்செட்டை அவள் தலைமாட்டில் வைத்துத்தான் புதைத்தோம். அம்மாவின் பிடிவாதம்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவே கேட்டாள். தையல் கம்பெனியில் பட்டன் வைக்கிறவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அவ குரல் மறந்து போகுதுடி எனக்கு. கண்ண மூடினா மூஞ்சி வருது. சத்தம் வர மாட்டேங்குது."

"கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. எடுத்துத் தரேன்."

"எடு. முழுசா மறக்கிறதுக்குள்ள."

எடுப்பது லேசில்லை. அந்தப் பெட்டியில் சவுண்டு எப்போதோ புகைந்துபோயிருந்தது. அவள் ஹெட்செட் இருந்தால்தான் சத்தமே. இன்டர்நெட்டையும் வெட்டிவிட்டார்கள். பென் டிரைவில் நகல் எடுப்பதுதான் ஒரே வழி. அந்த வழியை அடைத்தவளும் நானே. வாலு கண்ட பென் டிரைவையும் கொண்டுவந்து செருகுகிறாள் என்று, பென் டிரைவே தெரியாத மாதிரி ஒரு கர்னலைச் செய்து போட்டிருந்தேன். கர்னல் என்பது கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் எழும் பகுதி. எந்தச் சாதனத்தோடு பேசலாம், எதோடு பேசக்கூடாது என்பதெல்லாம் அதன் கையில்.

டிஸ்க் வேறு 'டக்... டக்' என்று இருமிக்கொண்டிருந்தது. "இனி கரண்டை நிறுத்தினா திரும்பச் சுத்தாது மேடம்" என்று ரிப்பேர்க் கடைக்காரர் சொல்லியிருந்தார். ரீஸ்டார்ட் செய்தால் டிஸ்க் நிற்காது. ஆகவே புதுக் கர்னல் செய்து ஒரே ஒரு ரீஸ்டார்ட். அதுதான் என் திட்டம்.

கர்னல் செய்யும்போது கேள்வி கேள்வியாக வரும். 'Y' போட்டால் அந்த ஆதரவு கர்னலுக்குள்ளேயே இருக்கும். 'M' போட்டால் தனித் துண்டாக டிஸ்க்கில் இருக்கும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும். 'N' என்றால் கிடையாது. யூஎஸ்பி பென் டிரைவ்... Y. சவுண்டு... எதற்கு, N. யூஎஸ்பி கீபோர்டு... M. இடம் போதாமல் பழைய கர்னலை அழித்துவிட்டுப் புதியதை வைத்தேன்.

ரீஸ்டார்ட் செய்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

கறுப்புத் திரை. 'பாஸ்வேர்டு:' என்று ஒரு வரி. எங்கள் டிஸ்க் எப்போதும் பூட்டியே இருக்கும், கம்ப்யூட்டர் எழும்போது பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். பாஸ்வேர்டு எனக்கும் வாலுவுக்கும் மட்டும் தெரியும். அடித்தேன்.

ஒன்றும் வரவில்லை.

கீபோர்டில் விளக்கு எரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. கீபோர்டோடு பேசும் துண்டு அந்தப் பூட்டிய டிஸ்க்குக்குள் இருக்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ரீசெட் செய்தாலும் இதே கர்னல்தான் எழும். பென் டிரைவிலிருந்து எழும்ப அந்தக் கிழட்டுப் பெட்டிக்குத் துப்பில்லை. நிறுத்தினால் டிஸ்க் போச்சு. அவள் குரலும் போச்சு.

டக்... டக்... டக்...

"வந்துச்சாடி?" அம்மா கேட்டாள்.

"வரும்மா."

பட்டம் வாங்கிய நாளில் மாட்டிய போட்டோ சுவரில் இருந்தது. அதைக் கழற்றி வீசலாம் போல இருந்தது. கீபோர்டைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அதன் வயர் தரையில் கிடந்தது.

திரையில் ஒரு நட்சத்திரம் விழுந்தது.

*

பாஸ்வேர்டின் ஓர் எழுத்து அடித்தால் வரும் குறி. நான் எதையும் தொடவில்லை.

இன்னொன்று. சற்று நேரம் கழித்து இன்னொன்று. ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற மாதிரி...

பிறகு என் மடியில் இருந்த கீபோர்டில் எண்டர் சாவி தானாக அமுங்கியது.

டொக்!

திரையில் 'தவறான பாஸ்வேர்டு' என்று வந்தது.

கீபோர்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயத்தால் மட்டும் இல்லை. வாலு என்றைக்குமே முதல் தடவை சரியாக அடித்ததில்லை. எண்டரைக் கட்டை விரலால் அறைவாள். "மெதுவாடி, அது என்ன கதவா?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள்.

"வாலு..." என்றேன். "நீயாடி?"



டக்... டக்...

மறுபடியும் நட்சத்திரங்கள். ஒன்று... இரண்டு... நடுவில் நின்றது.

வழக்கமாக அவள் திணறும் இடம்.

"போயிடாதடி..."

மீதியும் விழுந்தது.

டொக்!

திறந்துகொண்டது.

வயரைச் செருகினேன். கீபோர்டில் விளக்கு எரிந்தது. பார்க்கக்கூட நிற்காமல் எல்லாப் பதிவுகளையும் பென் டிரைவுக்கு இழுத்தேன். கடைசிப் பதிவு ஏறி முடிந்ததும் டிஸ்க் ஒரு முறை நீளமாகக் கிரீச்சிட்டு நின்றது. அதன் பிறகு அது சுற்றவே இல்லை.

பதிவுகளை அம்மாவின் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். அன்று அம்மா அழவில்லை, சிரித்தாள். "நாக்கப் பாரு அவளுக்கு" என்றாள். நடந்ததை நான் சொல்லவில்லை. எனக்குப் பதிவுகளைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா ஃபோனோடு வந்து நின்றாள்.

"கடைசியா இருக்குதே, அதுல ஏண்டி அப்படி அழற?"

கையைத் துடைக்காமலே வாங்கினேன். பதிவின் தேதி அந்தச் சாயங்காலத்தைக் காட்டியது. நேரம்... பூட்டுத் திறப்பதற்கு முன்.

ஓட்டினேன். டிஸ்க்கின் டக், டக். என் அழுகை. ஒரு டொக். "வாலு... நீயாடி?" என் குரல்தான். "போயிடாதடி..." இன்னொரு டொக். அதோடு முடிந்தது.

நான் செய்த கர்னலில் சவுண்டுக்கு N போட்டிருந்தேன். பூட்டிய டிஸ்க்கில் ஓர் எழுத்துக்கூட எழுத முடியாது. அந்தப் பெட்டியில் குரல் பிடிக்க இருந்த ஒரே சாமான் அவள் ஹெட்செட். அது மண்ணுக்குள் இருக்கிறது.

"இதத்தான் நான் அதிகமா கேக்கறேன்" என்றாள் அம்மா. "இதுல மட்டுந்தான் நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க."

"ரெண்டு பேரா?"

"நீ அழற. அவ செய்தி வாசிக்கறா."

"என்னம்மா வாசிக்கறா?"

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"கேக்கலையா உனக்கு? 'அக்கா இன்று அழுகிறார், காரணம் அறிவிக்கப்பட்டுள்ளது'ன்னு சொல்றாளே."

மறுபடி ஓட்டினேன். காதோடு வைத்து அழுத்திக் கேட்டேன்.

என் அழுகை. இரண்டு டொக்.

எனக்கு மட்டும் இன்றுவரை அவ்வளவுதான் கேட்கிறது...