இரண்டும் இடது கால்

அலுவலக நண்பர்கள் என்னைப் புதுச்சேரியில் பீர் காய்ச்சி விற்கும் ஒரு கடைக்கு அழைத்துப் போனார்கள். வாசலில், தலையில் கூடையோடு ஒரு சிமென்ட் பெண் சிலை. கூடைக்குள் காலி பீர் பாட்டில்கள். கணுக்காலில் உப்புப் பூத்திருந்தது. குனிந்து பாதங்களைப் பார்த்தேன். இரண்டுமே இடது கால்.

அது எங்கள் அஞ்சலை அத்தை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, மரக்காணம் உப்பளத்தில், உச்சி வெயிலில், தலைச்சுமையோடு வரப்பில் சுருண்டு விழுந்தாள். குடைக்குள் நின்றபடி முதலாளி கத்தினார்: "மொதல்ல உப்ப அள்ளுங்கடா, சேத்துல கொட்டிடுச்சி பாரு!" அள்ளி முடித்த பிறகுதான் அத்தையைத் தூக்கினார்கள். மூச்சு இல்லை.

அவள் விழுந்த இடத்திலேயே அப்பா இந்தச் சிலையைச் செய்து நிறுத்தினார். கொத்து வேலை அவருக்கு அரைகுறை.

"ஏங்க, ரெண்டும் எடது காலா இருக்குதே" என்றாள் அம்மா.

"அவ நடந்தது போதும். நிக்கட்டும்."

வருஷா வருஷம் முதலில் வாரும் உப்பில் ஒரு கை அந்தக் கூடைக்குப் போகும். அதன் பிறகே மற்ற கூடைகள் நிரம்பும். முதலாளியின் மகன் உப்பளத்தை விற்றான். சிலையும் காணாமல் போனது.

பாட்டில்களை எடுத்துக் கீழே வைத்தேன். மேனேஜர் ஓடி வந்தான். "தொடாதீங்க சார், ஆன்டிக் பீஸ்!"

"பீஸா? எங்க அத்தைடா அவ!"

நடந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தேன். கண் இமைக்காமல் கேட்டான். பிறகு போனை எடுத்தான்.

"செம ஸ்டோரி சார். மெனு கார்டுல போட்டுக்கலாமா?"