ஏழு துளைக்கும் ஏழு பொட்டு

ட்ரெய்லர் ஒயரிங் வேலை என்பது பாதி நேரம் மண்ணில் மல்லாந்து படுத்து, எரியாத விளக்கு எரிவதாக நினைத்துக்கொண்டிருக்கும் வேலை. டெஸ்ட் லாம்ப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு டிராக்டர் ட்ரெய்லருக்கு அடியில் கிடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் நம்பினால் போதும். நான் ஐந்தாவது வரை படித்தவன். பேச வராது, எண்ண வரும். சித்தூரில் திருப்பதி சாலையோரம் இருக்கும் என் கடைக்கு எந்த வண்டி எந்தக் கிழமை எந்தப் பழுதுக்கு வந்தது என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. போன மாங்காய் சீசனில் ஒரே ட்ரெய்லர் அதில் நான்கு முறை ஏறிவிட்டது.

நீலப் பெயிண்ட்

முனிரத்தினம் புத்தலப்பட்டுப் பக்கத்து விவசாயி. மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்கு மாங்காய் ஏற்றி வருவார். அவர் மனைவி செங்கம்மா ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவார். காய் உருண்டு விழுந்தால் பொறுக்க வேண்டுமே. ஒரு சனிக்கிழமை எருமை குறுக்கே வர, இவர் பிரேக்கை மிதித்தார். பின்விளக்கு எரியவில்லை. செங்கம்மா ட்ரெய்லரிலேயே போய் மோதினார். மோவாயில் மூன்று தையலோடு கடைக்கு வந்தார்.

அடியில் படுத்தேன். மேலே பலகை இடுக்குகள் வழியாக வெயில் பதினோரு கோடுகளாக என் மார்பில் விழுந்தது. மாங்காய் வாசனையில் கண் செருகியது. கோடுகளை இரண்டாம் முறை எண்ணும்போதுதான் ஒயரை ட்ரெய்லர் இரும்போடு சேர்க்கும் எர்த் போல்ட் தெரிந்தது. சீசனுக்காக அதன்மேலும் கெட்டியாக நீலப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். பெயிண்ட் கரண்டை மறிக்கும். சுரண்டி ஒயரை முறுக்கினேன். முனிரத்தினம் இருபது முறை பிரேக் மிதித்தார். பகலில் சரியாகத் தெரியாது என்று செங்கம்மா விளக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். இருபது முறையும் அவர் விரலிடுக்குகள் சிவந்தன. கையை எடுக்காமலே புருஷனிடம் சொன்னார்: "இருவதுக்கு இருவது எரிஞ்சாத்தான் உன் பின்னால வருவேன். பத்தொம்போதுன்னா நீயே எறங்கி மாங்கா பொறுக்கிக்க."

செம்மண் என்று நினைத்தது

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார்கள். இருபது மிதிக்குப் பதிமூன்றுதான் எரிந்தது. எர்த் நன்றாக இருந்தது. டிராக்டரின் பின்பக்கம், ட்ரெய்லர் பிளக்கைச் சொருகும் ஏழு துளை சாக்கெட்டின் மூடியைத் தூக்கினேன். உள்ளே சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. ரோட்டு மண் என்று நினைத்துப் பிரஷ்ஷால் துடைத்து, ஊதி, பிளக்கைச் சொருகினேன். இருபதுக்கு இருபது எரிந்தது.

எனக்கு ஒரே பழுதுக்கு வண்டி திரும்பி வருவது பிடிக்காது. தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் லோடு மேல் சாய்ந்து பாதித் தூக்கத்தில் கேட்டார்: "மேஸ்திரி, போன வாரம் ரிப்பேர் பண்ணது என் வண்டியவா, உங்க நோட்டையா?"

திருப்பதிப் பித்தளை

மூன்றாம் சனிக்கிழமை ஒன்பது முறைதான் எரிந்தது. சாக்கெட்டே கெட்டுவிட்டது என்று முடிவு செய்து அவர்களைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். மலை நீலமாக, மிதப்பதுபோல் கூடவே வந்தது. முன்னால் போன லாரிகளின் பிரேக் விளக்குகளை எண்ணிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று தையல் போட்ட ஒரு முகம் ஸ்கூட்டரில் வருவதுபோல் தோன்றியது. இருபத்தாறோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். பித்தளை சாக்கெட் எடுத்துக் கொடுத்த கடைக்காரர், "மூணு வாரமா ஒரே வண்டியா? சாமானை மாத்தறதுக்கு முன்ன ஆளுங்கள விசாரி மேஸ்திரி" என்றார்.

திரும்பி வந்து பழைய சாக்கெட்டைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். மண் இல்லை. ஒவ்வொரு துளையிலும் குழைத்த மஞ்சள், அதன்மேல் குங்குமம். ஏழு துளைக்கும் ஏழு பொட்டு. கற்பூர வாசனை வேறு. நோட்டைப் புரட்டினேன். மூன்றும் சனிக்கிழமை. முந்தின நாள் வெள்ளி. வண்டி கழுவிப் பூஜை போடும் நாள். செங்கம்மா எதிரிலேயே நின்றார். ஒரு பெண்ணிடம் உன் பூஜைதான் பழுது என்று எப்படிச் சொல்வது? புது சாக்கெட்டை மாட்டி, மூடியை இரண்டு தடவை அழுத்தி மூடினேன். வாயைத் திறந்தேன், மூடினேன். அவரே கேட்டார்: "இன்னாண்ணா, இன்னாவோ சொல்ல வந்தீங்க?"

நான்காம் சனிக்கிழமை

முனிரத்தினம் அன்று கிண்டல் செய்யவில்லை. ஸ்கூட்டரின் முன்விளக்குக் கண்ணாடி இல்லை. கூட்ரோட்டுச் சந்திப்பில் பிரேக் மிதித்தபோது பின்விளக்கு எரியாமல், செங்கம்மா ஸ்கூட்டரைச் சட்டென்று பக்கவாட்டில் ஒடித்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறார். அடி இல்லை. தண்ணீர்ச் செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். நான் நோட்டைத் தொடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அம்மா, வெள்ளிக்கிழமை அந்த ஓட்டையில பொட்டு வெக்கறீங்களா?"

"ஆமாண்ணா, மோதின வாரத்துலேர்ந்து வெக்கறேன். ஏழு ஓட்ட, ஏழு கன்னிமாரு. கரண்டு அங்கேர்ந்துதான வருது? ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு வேண்டிக்கினு வெக்கறேன்."

மஞ்சள் காய்ந்து பித்தளையில் ஒட்டிக்கொண்டால் பிரேக் விளக்குக்குக் கரண்ட் போகாது என்றேன். எனக்குப் போன வாரமே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் மோவாய்த் தழும்பைத் தடவினார். லோடிலிருந்து மாங்காய் ஒன்று தானாக உருண்டு விழுந்து நின்றது. சாக்கெட்டைத் துடைத்து, அதற்கு மேலே ஒரு தகரப் பட்டை வைத்து இரண்டு ஸ்க்ரூ முறுக்கினேன். செங்கம்மா அதில் ஏழு பொட்டு வைத்தார். விளக்கை உள்ளங்கையால் மூடினார். இருபதுக்கு இருபது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "போன வாரமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெளியவே வெச்சிருப்பேனேண்ணா, ஓட்டைக்குள்ளதான் குந்துவோம்னு கன்னிமாருங்க அடமா புடிச்சாங்க?"

எந்த ஒயர் எங்கே அறுந்திருந்தாலும் அரை மணியில் கண்டுபிடித்துவிடும் எனக்கு, என் தொண்டையில் அறுந்திருந்ததைக் கண்டுபிடிக்கத்தான் நான்கு சனிக்கிழமையும் ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியும் தேவைப்பட்டன.