பத்து மணிக்கு எடுத்த ரத்தம்

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலைக்கான நேர்காணல். வெளியே காத்திருந்தபோது, பக்கத்தில் வெள்ளிமலையிலிருந்து வந்த செவிலியர் ஒருவர், மெல்லிய கோப்போடு உட்கார்ந்திருந்தார். இவரெல்லாம் எனக்குப் போட்டியா என்று நினைத்தேன்.

"நீங்க இன்னா வேல பாத்தீங்க சார்?" என்றார்.

"உங்க மலையிலதான். சர்க்கரை நோய் ஆய்வு. முகாம் போட்டு, பத்து மணிக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுத்தேன்."

"பத்து மணிக்கா? எங்க சனங்க விடியக்காலையிலயே கூழு குடிச்சிட்டு கொல்லி காட்டு வேலைக்குப் பூடுவாங்களே சார். நாங்க அதுக்கு முன்னாடியே வூடு வூடா போய் எடுத்துக்கினு வருவோம்."

சாப்பிட்டீர்களா என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை.

உள்ளே, நேர்காணல் குழுவும் அந்த ரத்தத்தைப் பற்றி என்னைக் கேட்கவில்லை. என் கோப்பின் கனத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் வாய் திறக்கவில்லை. வேலை எனக்குத்தான் கிடைத்தது.

அந்தக் குழுவின் மேல் எனக்கு இன்றுவரை துளியும் மரியாதை இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த ஆளின் மேலும்தான்.