ஒரே வீட்டில் இரண்டு விண்ணப்பம்

கணவனும் மனைவியும் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் வேலை. பாடம் கணிதம். இட ஒதுக்கீட்டில் இருவருக்கும் ஒரே பிரிவு, இருவருக்கும் ஒரே முகவரி. பட்டுக்கோட்டையில் நாங்கள் வழக்கமாகப் போகும் கணினி மையத்துப் பெண் என் விண்ணப்பத்தை ஏற்றி முடித்துவிட்டு, அடுத்ததில் பாதியிலேயே நிறுத்தினாள். "அண்ணே, அதே போன் நம்பரை எடுக்க மாட்டேங்குது. அக்காவுக்குன்னு தனி நம்பர் இருந்தா சொல்லுங்க" என்றாள். கேஸ் சிலிண்டரிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் என் எண்தான். அன்றுதான் முதல்முறையாக ஓர் இடத்தில் என் மனைவியின் எண் பதிவானது.

அப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடமாகக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அவளும் பி.எட். முடித்தவள்தான். பிள்ளை பிறந்த பிறகு வீட்டிலேயே ட்யூஷன் எடுத்தாள். இருவரும் ஒரே நோட்டுகளை வைத்துத் தேர்வுக்குப் படித்தோம். சரியாகச் சொன்னால், அவள் எழுதிய நோட்டுகளை நான் படித்தேன். நான் எழுதியதை அவள் தொடவில்லை. என் கையெழுத்தைப் படிப்பதற்குத் தனியாக ஒரு பட்டம் வாங்க வேண்டும் என்பாள்.

முடிவு வந்தபோது நான் அவளைவிட இரண்டு மதிப்பெண் அதிகம். அந்த இரண்டு மதிப்பெண்ணை வைத்து ஒரு வாரம் வீட்டில் தர்பார் நடத்தினேன். குழம்பில் உப்பு குறைவு என்பதைக்கூட ஒரு மேலதிகாரியின் பெருந்தன்மையோடு சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெங்காயம் உரித்தபடியே, "ஆனா எனக்குத் தமிழ் வழி இருக்கே" என்றாள்.

இருக்கிறதுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வேலையில் ஒரு பங்கு தனியாக உண்டு. அவள் திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தொடங்கி பி.எட். வரை தமிழிலேயே படித்தவள். நானும் அப்படித்தான், மூன்று வருடம் நீங்கலாக. அந்த மூன்று வருடத்துக்குக் காரணம் என் அப்பா. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் வந்த முதல் விடுமுறையில், ஊரே பார்க்கட்டும் என்று என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கழுத்தில் டை, காலில் ஷூ, வேனில் பயணம். நாலாம் வகுப்பில் வேன் எட்டு கிலோமீட்டர் தள்ளியே நின்றுவிட்டதால் தமிழ்ப் பள்ளிக்கு மாறினேன். அந்த மூன்று வருடத்தில் நான் கற்ற ஆங்கிலம் 'மே ஐ கோ அவுட் மிஸ்' என்ற அளவில்தான் நின்றது. ஆனாலும் சட்டப்படி நான் இங்கிலீஷ் மீடியம்.

ஆகக் கணக்கு எளிது. எங்கள் பிரிவில் கணிதத்துக்கு இருந்த இடங்கள் கொஞ்சம். தமிழ் வழிச் சான்று கையில் இருந்தால் அவள் எனக்கு முன்னால். இல்லாவிட்டால் நான் அவளுக்கு முன்னால். தமிழ் வழியில் ஆள் குறைந்தால் அந்த இடம் பொதுவில் சேர்ந்துவிடும் என்பதையும், யாரும் கேட்காமலே, நான் விசாரித்து வைத்திருந்தேன்.

சான்றிதழ் சரிபார்ப்பு தஞ்சாவூரில் காலை ஒன்பது மணிக்கு. அதற்கு முதல் நாள் விடியற்காலையில் கோப்பை அடுக்கும்போது வெடித்தது குண்டு. அவள் முன்பே வாங்கி வைத்திருந்த தமிழ் வழிச் சான்றுகளில் இரண்டு பழைய படிவத்தில் இருந்தன. வகுப்பு வாரியாக எழுதிய புதிய படிவம்தான் செல்லும். தொடக்கப் பள்ளி ஒன்று, பி.எட். கல்லூரி ஒன்று. அவள் பெற்றோர் இப்போது மகனோடு திருப்பூரில். ஊரில் சொல்லி வாங்கவும் ஆள் இல்லை.

"நான் காலேஜுக்குப் போறேன். நீங்க எங்க ஊர் ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துடறீங்களா?" என்றாள்.

போகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? பள்ளியில் அரை நாள் அனுமதி கேட்டு, இரண்டு பாடவேளை நடத்திவிட்டு, பைக்கை எடுத்து அந்தக் கிராமத்தை அடைந்தபோது மணி இரண்டு. பள்ளியில் இருந்தது ஓர் உதவி ஆசிரியை மட்டும். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எச்.எம். இன்னிக்கு லீவு சார். நான் கையெழுத்துப் போட்டா செல்லாது. நாளைக்கு வாங்க."

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குத் தஞ்சாவூர்ல இருக்கணும் மேடம்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதே" என்றார் வருத்தமாக.

நானும் வருத்தமாகத்தான் முகத்தை வைத்துக்கொண்டேன். வெளியே வந்து பைக்கை உதைத்தபோது உள்ளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல விசில் அடித்தது. மறைப்பானேன், சந்தோஷமாக இருந்தது. நான் எதுவும் செய்யவில்லை. எழுபது கிலோமீட்டர் வந்தேன், கேட்டேன், ஆள் இல்லை. இதில் என் குற்றம் என்ன? சாலையோர டீக்கடையில் நிறுத்தி ஒரு டீ சொன்னேன். பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். என்றைக்கும் இல்லாமல் ஒரு மெதுவடையும் சாப்பிட்டேன்.

வடையைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்த டீக்கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "ஸ்கூலுக்கா வந்தீங்க? எச்.எம். டீச்சருக்கு இன்னிக்கு நடவு. அந்தா, வாய்க்கா ஓரமாப் போனீங்கன்னா ரெண்டாவது மதகுகிட்ட கொடை புடிச்சிக்கிட்டு நிப்பாங்க" என்றார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இன்னொரு டீ சொன்னேன். அங்கே கிடந்த செய்தித்தாளை விளையாட்டுப் பக்கத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை படித்தேன்.

அன்பினால் எழுந்தேன் என்று எழுத ஆசை. ஆனால் என்னை எழுப்பியது வேறு. மறுநாள் அவள் கோப்போடு தஞ்சாவூரில் வரிசையில் உட்கார்ந்திருப்பதும், அதிகாரி கேட்கும்போது, "எங்க வீட்டுக்காரர் பாவம், போய்ப் பாத்துட்டுத்தான் வந்தாங்க சார்" என்று எனக்காகப் பரிந்து பேசுவதும் கண்முன் வந்தது. அவள் அப்படித்தான் சொல்வாள். அந்தப் 'பாவம்' எனக்குத் தாங்காது என்று தோன்றியது. பைக்கை வாய்க்கால் பக்கம் திருப்பினேன்.

தலைமையாசிரியை நிஜமாகவே குடைபிடித்து வரப்பில் நின்றிருந்தார். கணவர் வெளிநாட்டில், நிலம் இவர் பொறுப்பு. அந்த வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அவர் முறை முந்தின நாள் வந்திருக்கிறது. நடவு ஆட்களும் இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கட்டாயம் போட்டுத் தரேன் சார். சீலு, ரெஜிஸ்டர் எல்லாம் ஸ்கூல்ல இருக்கு. ஆனா இதை முடிக்காம நான் நகர முடியாதுங்க. நாத்து முடி எடுத்துப் போட வேண்டிய ஆள் வரலை. பொம்பளைங்களே கரைக்கு வந்து வந்து எடுத்துட்டுப் போறாங்க, அதான் லேட்டாவுது."

சொல்லிவிட்டு என் பேன்ட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அதை முழங்காலுக்கு மேல் சுருட்டினேன்.

நாங்கள் தென்னந்தோப்புக்காரர்கள். தேங்காயை எண்ணத் தெரியும், சேற்றில் நடக்கத் தெரியாது. முடி என்கிற நாற்றுக் கட்டை ஏதோ கீரைக்கட்டு மாதிரி என்று நினைத்திருந்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு கையிலும் நாலு நாலாகத் தூக்கிக்கொண்டு நடந்தபோது தோள் கழன்றது. முதல் நடையில் ஒரு செருப்பு சேற்றுக்குள் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"யாரு டீச்சர் இது, புது ஆளு?" என்றார் நட்டுக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவர்.

"சார் வாத்தியாரு. அவரு வீட்டம்மாவோட வேலை விஷயமா வந்திருக்காரு."

"வாத்தியாரே, முடியை அந்த மூலைல போட்டா நாங்க நீந்தியா போயி எடுக்கிறது? கைக்கு எட்டுறாப்ல போடுங்க."

போட்டேன். நெருக்கமாகப் போட்டால் காலை வைக்க இடமில்லை என்றார்கள், தள்ளிப் போட்டால் வாத்தியாருக்குக் கணக்கு வரவில்லை என்றார்கள். என் வகுப்பில் நான் பிள்ளைகளைப் படுத்துகிற பாட்டுக்கெல்லாம் அன்றைக்குச் சேர்த்து அனுபவித்தேன். போட்டிக்கு நிற்கிற இன்னொரு ஆளுக்கு இப்படி யாராவது சேற்றில் இறங்குவார்களா என்று வயிறு எரிந்தது. நட்டு முடிய மணி ஐந்தாகிவிட்டது.

பள்ளியில் தலைமையாசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். என் மனைவியின் பெயர். அப்பா தொழில், கூலி. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. என்னைச் சேர்த்த நாளில் என் அப்பா கடிகாரம் தெரியக் கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டதை ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்த டீக்கடையில் அப்படி நிம்மதியாக உட்கார்ந்திருந்தவனை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சான்றைக் கொடுத்தேன். அவள் காகிதத்தைப் பார்க்கும் முன் என் காலைப் பார்த்தாள். "எங்க விழுந்தீங்க?" என்றாள். "வயல்ல" என்றேன். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

பட்டியல் வந்தபோது அவள் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. ஊரெல்லாம் வாழ்த்தியது, நானும் லட்டு வாங்கிக் கொடுத்தேன், தோப்புக்குப் போய் மோட்டார் கொட்டகைக்குள் அழுதேன். அதில் பாதி ஆனந்தக் கண்ணீர் என்று சொன்னால் பொய். கால்வாசி இருக்கலாம். அவளுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பள்ளி கிடைத்தது. ஆணை வாங்கிக்கொண்டு பேருந்தில் திரும்பும்போது, இதற்கு மேல் மனசில் வைத்திருக்க முடியாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு எச்.எம். லீவுன்னதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. டீக்கடைல பத்து நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன்."

"பத்து நிமிஷம் இல்ல. அம்பது நிமிஷம்" என்றாள்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டே காலுக்கு ஸ்கூலுக்குப் போன் பண்ணேன். இப்பதான் கெளம்பினாருன்னாங்க அந்த மேடம். எச்.எம். எங்கன்னு விடாம கேட்டதும், வயல்ல இருக்காங்கன்னாங்க. நன்றி சொல்ல எச்.எம்.முக்குப் பண்ணப்ப, நீங்க வயலுக்கு வந்தது மூணேகாலுக்குன்னாங்க. ஸ்கூல்லேர்ந்து அந்த வயலுக்கு பைக்ல பத்து நிமிஷம். நானும் கணக்கு டீச்சர்தானேங்க."

"அப்ப எனக்கு ஒரு போன் பண்ணி, வயல்ல இருக்காங்கன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா போயிருப்பீங்க. அதுல உங்களப் பத்தி எனக்கு என்ன தெரியப்போவுது?"

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று ஆளேற்றிக்கொண்டு மறுபடி கிளம்பியது. அவள் ஆணை இருந்த கவரை மடியில் சரிசெய்துகொண்டாள். பிறகு மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, "நானா இருந்தா வயலுக்குப் போகாம வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பேன்" என்றாள்.