தடி விட்ட குழிகள்

கிண்ணியாவிலிருந்து மூதூர்ப் பக்கம் ஊன்றுதடியோடு கழிமுகக் கரையால் நடந்த அன்று, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் தோளில் வீச்சுவலையோடு காலையிலிருந்தே என் பின்னால் வந்தார். வலையை ஒருதடவைகூட வீசவில்லை. உளவு பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

மத்தியானம் திரும்பி நின்று, அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன்.

"ஏன் நானா என்ட பின்னால வாறீங்க?"

"காணி அளக்க வந்தீங்களோ?"

"இல்லை, சும்மா நடக்கிறன்."

"பஸ் ஓடுதுதானே. போன முறையும் ஒராள் இப்பிடித் தடி ஊண்டிச் சும்மாதான் நடந்தவர். பிறகு கம்பிவேலி வந்திட்டு."

ஆனாலும் ஆற்றைக் கடக்கும்போது, "அங்கால ஆழம், இதால வாங்க" என்று முன்னால் இறங்கி வழிகாட்டினார்.

அக்கரை ஏறிக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடி ஆற்றைக் கடந்து வந்த வழியே போய்க்கொண்டிருந்தார், மணலில் என் ஊன்றுதடி விட்ட குழிகளை ஒவ்வொன்றாகக் காலால் மூடிக்கொண்டு.