கல்யாணப் பை

என் ஓரகத்தி வாயை மூடுவது பழவேற்காடு ஏரியில் இறங்கும்போது மட்டும்தான். நாங்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்போம். பேச வழியில்லை. எனக்கு அது நிம்மதியான நேரம்.

கரையேறியதும் ஆரம்பித்துவிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் வாக்கப்பட்டு வந்த புதிதில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால் விரல் தெரியும். இப்போதோ மழை பெய்து ஆறு வந்து கலந்தால் நுரையும் நாற்றமும்தான்; கையெல்லாம் அரிக்கும். எல்லாம் ஆற்றுக்கு மேலே இருக்கிற டவுன்காரர்கள் வேலை என்று அவர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவாள். எனக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததில்லை.

அன்றைக்கு அவளுடைய மாப்பிள்ளை மீஞ்சூரிலிருந்து விருந்துக்கு வருவதாக இருந்தது. ஏரி இறால் குழம்பு வைக்காவிட்டால் மானம் போய்விடும் என்று விடிந்ததுமே என்னை இழுத்துக்கொண்டு இறங்கினாள். முந்தின வாரம் பெய்த மழையில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. தடவத் தடவப் பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும்தான் வந்தன. எனக்குச் சிரிப்பு, அவளுக்கு அழுகை. எப்படியோ பறியில் ஒரு குழம்புக்குத் தேறியது.

அப்போது அவள் கையில் ஏதோ கனமாகச் சிக்கியது. சேறு நிறைந்த பிளாஸ்டிக் பை. அலசிப் பார்த்தாள். ரோஜாப்பூ, கும்பிடுகிற கைகள், கீழே மணமகன் பெயர், மணமகள் பெயர். அவள் மகள் கல்யாணத்தில் ஊருக்கெல்லாம் கொடுத்த தாம்பூலப் பை. பேரன் பள்ளிக்கூடம் போகிறான்; பையில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. "அடிப்பாவி" என்று வாயைத் திறந்தாள். பறி தண்ணீரில் கவிழ்ந்து, இருந்த இறாலும் போனது.

மத்தியானம் மாப்பிள்ளைக்கு முட்டைக் குழம்பு. நான் பையைக் கொண்டுவந்து காட்டினேன். கல்யாண போட்டோகூட மங்கிவிட்டது, இது இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே என்று அவர் சிரித்தார். கூட வந்திருந்த மகளும் சிரித்தாள். ஓரகத்தி மட்டும் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஊருக்கே குடுத்தோமேடி. மீதிப் பையெல்லாம் எங்க கீது?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இன்னொரு முட்டையை எடுத்து மாப்பிள்ளை இலையில் வைத்தேன்.

மறுநாள் அவள் பறியோடு ஒரு சாக்கையும் எடுத்து வந்தாள். இறாலுக்கு முன்னால் ஒரு பைதான் கிடைத்தது. என் மகன் காதுகுத்துக்கு நான் கொடுத்தது. பறியைக் கடித்தபடியே அவள் சிரித்த சிரிப்பை இந்த ஜென்மத்தில் நான் மன்னிக்கமாட்டேன்.